குளோரின் வாடையும் சிவந்த கண்ணும்

தாமிரபரணிக் கரை ஊர்களில் முன்பெல்லாம் காசு கட்டி யாரும் நீச்சல் கற்றதில்லை. கல்லிடைக்குறிச்சியில் ஆற்றுப் படித்துறை உண்டு. ஊரை ஒட்டியே கன்னடியன் கால்வாய் தொடங்குகிறது. மாமாவோ அண்ணனோ இடுப்பில் கை கொடுத்துத் தாங்கிப் பிடிக்க, நாலு நாளில் பிள்ளை தானாகக் கையைக் காலை அடித்து மிதந்துவிடும். அந்தக் காலம் முற்றாகப் போய்விடவில்லை என்றாலும் வேகமாகக் குறைந்துவருகிறது. பிள்ளைகளுக்கு நேரம் கிடைப்பது ஏப்ரல், மே மாதங்களில். கால்வாய் வறண்டு கிடப்பதும் அப்போதுதான். ஆற்றிலோ மணல் அள்ளிய பள்ளங்கள், கரையோரச் சாக்கடை, தனியாக அனுப்பப் பயம். அதனால் பெற்றோர் பிள்ளைகளைப் பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்க நீச்சல் குளத்துக்கோ, திருநெல்வேலியிலும் குற்றாலத்திலும் உள்ள பள்ளி, விடுதிக் குளங்களுக்கோ அழைத்துப் போகிறார்கள்.

அங்கிருந்து திரும்பும் பிள்ளையைப் பார்த்து வீட்டில் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: “குளோரின அள்ளிக் கொட்டிருக்காவ போல, கண்ணு செக்கச்செவேல்னு இருக்கு.” கண் எரிச்சல், தோல் வறட்சி, விடாத தும்மல், மூக்கை உறுத்தும் அந்த வாடை எல்லாவற்றுக்கும் குளோரின் கூடிப்போனதே காரணம் என்று ஏறக்குறைய எல்லோரும் நம்புகிறார்கள். குளம் பார்த்துக்கொள்ளும் ஊழியர்களில் பலரும் அப்படித்தான் நினைத்து, புகார் வந்ததும் மறுநாள் குளோரினைக் குறைத்துவிடுகிறார்கள். பெரும்பாலான நேரங்களில் உண்மை இதற்கு நேர் எதிரானது. வேலை செய்யக்கூடிய குளோரின் போதாமல் போன நீர்தான் அப்படி நாறும், அப்படிக் கண்ணைச் சிவக்கவைக்கும். இந்த ஒரு தவறான புரிதலால் நம் குளங்கள் ஒவ்வொரு கோடையிலும் சரியான மருந்துக்குப் பதில் தவறான மருந்தைப் பெறுகின்றன.

ஆற்றில் குளிப்பவர் விட்டுச்செல்லும் அழுக்கு அடுத்த நொடியே அங்கிருந்து நகர்ந்துவிடுகிறது. வியர்வை, எண்ணெய், சோப்பு, சிறுநீர் எல்லாமே கீழே போகின்றன. கீழே இருப்பவர்களுக்கு அது நியாயமா என்பது வேறு கேள்வி. வயற்காட்டுப் பம்ப்செட் தொட்டியிலும் ஒரு பக்கம் குழாய் கொட்ட மறுபக்கம் வழிந்து வாய்க்காலுக்குப் போகிறது. நீச்சல் குளத்தில் அப்படி இல்லை. பம்ப் இழுத்து மணல் ஃபில்டர் வழியாக வடிகட்டி, அதே தண்ணீரைத்தான் திரும்ப உள்ளே விடுகிறது. பல குளங்களில் மாதக்கணக்கில் ஒரே தண்ணீர். ஃபில்டர் தூசியையும் முடியையும் பிடிக்கும். தண்ணீரில் கரைந்துவிட்டதைப் பிடிக்காது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் இதை அளந்து காட்டினார்கள். உடலில் செரிக்காமல் சிறுநீரோடு அப்படியே வெளியேறும் ஒரு செயற்கை இனிப்பை அடையாளமாக வைத்துக் குளத்து நீரைச் சோதித்தபோது, சுமார் எட்டேகால் லட்சம் லிட்டர் கொள்ளும் ஒரு குளத்தில் ஏறத்தாழ 75 லிட்டர் சிறுநீர் இருந்தது தெரிந்தது. கழிவறை வசதியும் கட்டுப்பாடும் உள்ள ஊரிலேயே நிலைமை இது.

குளத்து நீரில் குளோரின் கலக்கும் பழக்கத்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1910-ல் அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகக் குளத்தில் ப்ளீச்சிங் பவுடர் கலந்து பார்த்தபோது நீரில் பாக்டீரியா ஒழிந்து, அந்த நிலை சில நாட்களுக்கு நீடித்தது. அதே ப்ளீச்சிங் பவுடரைத்தான் நம் பஞ்சாயத்துகளின் மேல்நிலைத் தொட்டிகளிலும் இன்றுவரை போடுகிறார்கள். பவுடரோ, திரவ ஹைப்போவோ, வாயுவோ, மாத்திரையோ, எந்த வடிவில் போட்டாலும் நீரில் கிருமியைக் கொல்வது ஒரே பொருள்: ஹைப்போகுளோரஸ் அமிலம். இந்த அமிலம் நீரின் காரத்தன்மையைப் பொறுத்துத் தன் உருவை மாற்றிக்கொள்ளும். கிருமியின் தோலைத் துளைத்து உள்ளே போகும் அமில உருவம் ஒன்று. மின்னேற்றம் பெற்று உள்ளே நுழைய முடியாமல் தடுமாறும் அயனி உருவம் இன்னொன்று. எந்த உருவில் எவ்வளவு இருக்கும் என்பதை அந்தக் காரத்தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவு தீர்மானிக்கிறது.

பிஎச் 7.2 இருந்தால் போட்ட குளோரினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்யும் உருவில் இருக்கும். 7.5-ல் அது பாதியாகிறது. 8-ல் கால் பங்கு. 8.5-ஐ எட்டினால் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதாவது ஒரே அளவு குளோரின் போட்ட இரண்டு குளங்களில் ஒன்று பாதுகாப்பானதாகவும் மற்றொன்று ஆபத்தானதாகவும் இருக்கலாம். குளோரின் அளவை மட்டும் பதிவேட்டில் எழுதிவைக்கும் குளத்தில் பாதிக் கணக்கு விட்டுப்போகிறது. மனிதக் கண்ணீரின் பிஎச் சுமார் 7.4. அதனால்தான் 7.2 முதல் 7.8 வரை என்ற எல்லை உலகெங்கும் பொதுவாக ஏற்கப்பட்டிருக்கிறது. கண்ணுக்கும் அது ஒத்துப்போகும், கிருமிக்கும் அது எமன்.

பிஎச் என்றதும் அது ஆய்வகச் சமாச்சாரம் என்று கல்லிடைக்குறிச்சிக்காரர்கள் ஒதுக்க வேண்டியதில்லை. இந்த ஊர் அப்பளத்துக்குப் பேர்போனது. உளுந்த மாவில் அப்பளக்காரம் ஒரு பிடி கூடினாலும் குறைந்தாலும் என்ன ஆகும் என்று இங்கே வீடுவீடாகத் தெரியும். அந்தக் காரத்தின் உயிர் சோடியம் கார்பனேட். குளத்து நீர் புளித்துப்போகும்போது, அதாவது பிஎச் இறங்கும்போது, அதைத் தூக்கி நிறுத்தப் பயன்படும் சலவைச் சோடாவும் அதே பொருள்தான். மாவில் காரம் கூடினால் அப்பளம் சிவந்து கசக்கும். குளத்தில் கூடினால் நீர் வழவழக்கும், தோல் காயும், குளோரின் சோர்ந்துபோகும்.

நெல்லைப் பகுதிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இங்கே இரண்டு வகைத் தண்ணீர் இருக்கிறது. பொதிகை மலையின் கரும்பாறைகள் மேல் இறங்கி வரும் தாமிரபரணி நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. சோப்பு நன்றாக நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். இந்த மென்னீரில் குளம் நிரப்பினால் பிஎச்-ஐ ஓரிடத்தில் பிடித்துவைக்கும் காரத்தாங்கு திறன் குறைவாக இருக்கும். குளத்து நீரில் அது லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது என்பார்கள். அதற்கும் கீழே இருந்தால் கொஞ்சம் ஆசிட் ஊற்றினாலும் பிஎச் சரிந்து விழும், கொஞ்சம் சோடா போட்டாலும் துள்ளி ஏறும். ஆற்றை விட்டு விலகி ஆழ்துளைக் கிணற்றையோ லாரித் தண்ணீரையோ நம்பும் குளங்களில் கதை தலைகீழ். அங்கே கடின நீர். வெயிலில் ஆவியாகும் தண்ணீர் உப்பை விட்டுவிட்டுப் போகிறது. மறுபடி நிரப்பும் தண்ணீர் புதிதாக உப்பைக் கொண்டுவருகிறது. மாதங்கள் போகப் போக நீர் கெட்டிப்பட்டு, சுவரில் வெள்ளைப் படிவு ஏறி, ஃபில்டர் மணல் கட்டிதட்டிப்போகும். இதன்மேல் ப்ளீச்சிங் பவுடரும் போட்டால் அதிலுள்ள சுண்ணாம்பும் சேர்ந்துகொள்ளும், பிஎச்சும் மேலே ஏறும். ஒருநாள் காலையில் குளம் பால் போலக் கலங்கி நிற்கும். ஆக, ஒரே மாவட்டத்தில் ஒரு குளத்துக்குத் தேவைப்படும் மருந்து அடுத்த குளத்துக்கு விஷம். பக்கத்துக் குளத்தில் என்ன போடுகிறார்கள் என்று கேட்டு அதே அளவைத் தன் குளத்தில் போடும் வழக்கம் பலருக்கு இருக்கிறது. அதை விட்டொழிக்க வேண்டும்.

இனி அந்த வாடைக்கு வருவோம். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள அம்மோனியாவும் யூரியாவும் குளோரினோடு சேரும்போது குளோரமின்கள் உருவாகின்றன. அவற்றில் மூன்று படிகள் உண்டு. கடைசிப் படியான டிரைகுளோரமின் நீரில் தங்காமல் ஆவியாகி நீர்ப்பரப்புக்கு மேலே மிதக்கும். நீந்துகிறவரின் மூக்கும் கண்ணும் சரியாக அந்த உயரத்தில்தான் இருக்கின்றன. “நீச்சல் குள வாடை” என்று நாம் சொல்வது பெரும்பாலும் இதுதான். சுத்தமான நீரில் தேவையான அளவு குளோரின் மட்டும் இருந்தால் வாடை மிக லேசாகத்தான் தெரியும். ஆகவே மூக்கைத் துளைக்கும் வாடை வீசும் குளத்தைப் பார்த்து “நன்றாகக் குளோரின் போட்டுச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்” என்று நினைப்பவர்களும், “குளோரின் ஜாஸ்தி” என்று நினைப்பவர்களும் ஒருசேரத் தவறுகிறார்கள்.

குளோரமினாக மாறிய குளோரினைப் பிணைந்த குளோரின் என்றும், இன்னும் வேலைக்குத் தயாராக இருப்பதைக் கட்டற்ற குளோரின் என்றும் பிரிப்பார்கள். பிணைந்த குளோரின் கிருமியைக் கொல்வதில் மிக மந்தம், உறுத்துவதில் மட்டும் வேகம். இங்கேதான் சோதனைக் கருவியின் சிக்கல் வருகிறது. பஞ்சாயத்துத் தொட்டி ஆபரேட்டர்கள் காலங்காலமாகப் பயன்படுத்தும் குளோரோஸ்கோப்பில் ஆர்த்தோடாலிடின் என்ற திரவத்தைச் சில சொட்டு விட்டால் நீர் மஞ்சளாகும். மஞ்சள் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு குளோரின். குடிநீரில் குளோரின் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க அது போதும். ஆனால் அந்த மஞ்சள், கட்டற்றதையும் பிணைந்ததையும் ஒன்றாகச் சேர்த்துக் காட்டிவிடும். நீச்சல் குளத்தில் அதை வைத்துப் பார்ப்பவர், கண்ணை எரிக்கும் குளோரமினைப் பார்த்துவிட்டு “குளோரின் தாராளமா இருக்கு” என்று முடிவு கட்டுவார். டிபிடி என்ற இளஞ்சிவப்பு நிறச் சோதனையில் இரண்டையும் தனித்தனியே பிரித்துப் பார்க்கலாம். முதல் மாத்திரைக்கு வரும் நிறம் கட்டற்ற குளோரினைக் காட்டும். அடுத்ததைப் போட்டதும் கூடும் நிறம் பிணைந்ததைக் காட்டும். இந்த மாற்றத்துக்குச் செலவு அதிகமில்லை. எந்தப் பொதுக் குளத்துக்கும் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

பிணைந்த குளோரின் சேர்ந்துவிட்டால் அதற்கு மருந்து குளோரினைக் குறைப்பது அல்ல, கூட்டுவது. பிணைந்த குளோரின் அளவைப் போலச் சுமார் பத்து மடங்கு குளோரினை ஒரே வீச்சில், ஆட்கள் இல்லாத இரவில், போட வேண்டும். அப்போது குளோரமின்கள் உடைந்து நைட்ரஜனாக வெளியேறிவிடும். அரைகுறையாகப் போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். புகார் வந்ததும் குளோரினைக் குறைக்கும் ஊழியர் குளோரமினை அப்படியே காப்பாற்றி வைக்கிறார். மறுநாள் வாடை இன்னும் கூடும், அவர் இன்னும் குறைப்பார்.

அளவுக்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் நாலரை லட்சம் லிட்டர் நீர் இருக்கும். அதில் குளோரினை 1 பிபிஎம், அதாவது லிட்டருக்கு ஒரு மில்லிகிராம், உயர்த்த 450 கிராம் குளோரின் வேண்டும். முப்பது சதவீதச் சத்துள்ள புதிய ப்ளீச்சிங் பவுடர் என்றால் ஒன்றரைக் கிலோ. மூட்டையைத் திறந்து ஈரக்காற்றுப் படும்படி இரண்டு மாதம் போட்டுவைத்திருந்தால் அதன் சத்து எவ்வளவு இறங்கியிருக்கும் என்று சோதிக்காமல் சொல்ல முடியாது. பழைய கணக்கில் கிலோ எடுத்துப் போடுகிறவர் உண்மையில் பாதிதான் போட்டிருக்கலாம்.

கோடை வெயில் இதையெல்லாம் இன்னும் சிக்கலாக்குகிறது. நேர் வெயிலில் காப்பு எதுவும் இல்லாத குளோரினில் பாதி, முக்கால் மணி நேரத்துக்குள் அழிந்துவிடும். காலை ஆறு மணிக்குப் போட்டது பத்து மணிப் பயிற்சி வகுப்பு வரும்போது இருக்காது. நம்மூரில் குளங்கள் நிரம்பி வழிவதும் வெயில் கொளுத்துவதும் ஒரே மாதங்களில். இதற்குத் தீர்வாகச் சந்தையில் வந்ததுதான் டிசிசிஏ எனும் வெள்ளை மாத்திரை. அதில் குளோரினோடு சயனூரிக் அமிலம் இருக்கிறது. அது குளோரினை வெயிலிலிருந்து காக்கும். ஆனால் குளோரின் தீர்ந்த பிறகும் சயனூரிக் அமிலம் தீராது, ஆவியாகவும் ஆகாது. மாத்திரை வழியாக 10 பிபிஎம் குளோரின் சேர்த்தால் 6 பிபிஎம் சயனூரிக் அமிலமும் சேர்ந்துவிடும். நாளுக்கு 3 பிபிஎம் வீதம் அறுபது நாள் கோடைப் பயிற்சி முகாம் நடந்தால் முடிவில் நூறைத் தாண்டியிருக்கும். காக்க வந்த பொருள் அந்த அளவில் குளோரினைக் கையைக் கட்டி நிறுத்திவிடும். சோதனையில் குளோரின் இருப்பதாகக் காட்டும், நீரோ பச்சை பிடிக்கும். அதனால்தான் சயனூரிக் அமிலம் உள்ள நீரில் குளோரினைக் குறைந்தது 2 பிபிஎம் வைக்கச் சொல்கிறார்கள், அது இல்லாத நீரில் 1 போதும் என்கிறார்கள். கூடிவிட்ட சயனூரிக் அமிலத்துக்கு நடைமுறையில் ஒரே வழிதான் உண்டு: நீரில் ஒரு பகுதியை வெளியேற்றிவிட்டுப் புது நீர் விடுவது. தண்ணீர்ப் பஞ்சம் உள்ள மே மாதத்தில் அதற்கு யாருக்கும் மனம் வருவதில்லை. மாத்திரை அமிலத்தன்மை உடையது என்பதும் நினைவில் இருக்க வேண்டும். மென்னீர்க் குளத்தில் அதை மட்டும் நம்பினால் பிஎச் மெல்ல மெல்லக் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

நீந்துகிறவர் உடம்பில் இதெல்லாம் எப்படித் தெரிகிறது? முதலில் கண். குளோரமினும் தவறான பிஎச்சும் கண்ணின் மேல்தோலை உறுத்துகின்றன. உப்பில்லாத நீர் கண்ணீர்ப் படலத்தைக் கழுவிவிடுகிறது. இந்தச் சிவப்பு சில மணி நேரத்தில் தானாக அடங்கும். அடங்காமல் மறுநாள் பீளை கட்டி, இமை ஒட்டி, வீட்டில் அடுத்த ஆளுக்கும் தொற்றினால் அது உறுத்தல் இல்லை, மெட்ராஸ் ஐ. அடினோ வைரஸால் வரும் காய்ச்சலும் தொண்டை வலியும் கண் சிவப்பும் சேர்ந்த நோய் ஒன்று, குளோரின் குறைந்த குளங்கள் வழியாகக் கூட்டம் கூட்டமாகப் பரவிய வரலாறு பல நாடுகளில் உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணி, ‘குளோரின் ஒத்துக்கலை’ என்று பிள்ளையை மறுநாளும் குளத்துக்கு அனுப்பிவிடக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு நீந்துவது எந்தக் குளத்திலும் கூடாது. நீச்சல் கண்ணாடி வாங்குவது ஆடம்பரம் இல்லை.

தோல் வறள்வதும் முடி சொரசொரப்பாவதும் எல்லோரும் அறிந்தவை. குளித்தெழுந்ததும் நல்ல நீரில் கழுவி எண்ணெய் தடவினால் பெரும்பாலும் தீரும். வெளிர்நிற முடி பச்சையாவது குளோரினால் அல்ல, தாமிரத்தால். பாசிக்குப் போடும் மயில்துத்தமே அதற்குக் காரணம். காதில் தண்ணீர் தங்கி வரும் வலிக்கு சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா பெரும்பாலும் காரணம். அதுவும் குளோரின் சோர்ந்த நீரில் செழிப்பது.

பல்லைப் பற்றி நம்மூரில் யாரும் பேசுவதில்லை. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு குளத்தில் தினமும் பயிற்சி செய்த போட்டி நீச்சல்காரர்களுக்குப் பல் எனாமல் கரைந்துபோயிருந்தது. வாயுக் குளோரின் போட்ட அந்தக் குளத்து நீரைச் சோதித்தபோது பிஎச் 2.7. எலுமிச்சைச் சாற்றுக்குச் சற்று மேலே. வாயு குளோரினும் நீரை அமிலமாக்கும். யாரும் சோடா போட்டுச் சரிசெய்யாமல் விட்டதன் விளைவு அது. பல் கூச்சம் என்று சொல்லும் பயிற்சிப் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுவதோடு, குளத்தின் பிஎச் என்ன என்றும் கேட்க வேண்டும்.

நுரையீரல் விஷயத்தில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. 2003-ல் பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் பெர்னார்டின் குழு, கூரைபோட்ட உள்ளரங்கக் குளங்களில் அடிக்கடி நீந்தும் குழந்தைகளின் நுரையீரல் திசுவில் பாதிப்பு தெரிவதாகவும் ஆஸ்துமாவுக்கு வாய்ப்பு கூடுவதாகவும் எழுதியது. பெரிய விவாதம் எழுந்தது. பிரிட்டனின் பிரிஸ்டல் பகுதியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2011-ல் வேறு முடிவைச் சொன்னது. நீந்திய குழந்தைகளுக்கு ஆஸ்துமா கூடவில்லை. அவர்களின் நுரையீரல் திறன் கொஞ்சம் மேலாகவே இருந்தது. அதே நேரம், உள்ளரங்கக் குளங்களில் நாளெல்லாம் நிற்கும் ஊழியர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் டிரைகுளோரமினால் கண், மூக்கு, மூச்சு உறுத்தல் வருவது உறுதிப்பட்டிருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2006-ல் வெளியிட்ட நீச்சல் குள வழிகாட்டியில் அதற்கு ஒரு கனமீட்டர் காற்றில் அரை மில்லிகிராம் என்று எல்லை வகுத்தது. என் முடிவு இது: பிள்ளையை நீச்சலிலிருந்து நிறுத்த இந்த ஆய்வுகளில் காரணம் எதுவும் இல்லை, காற்றோட்டமில்லாத மூடிய குளத்தைத் தவிர்க்கக் காரணம் உண்டு. நம் பகுதிக் குளங்களில் பெரும்பாலானவை திறந்தவெளி என்பது பெரிய நன்மை. அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் விடுதிகளிலும் அடித்தளத்தில் கட்டும் குளங்களுக்கு அந்த நன்மை கிடையாது.

சரியாகப் போட்ட குளோரினும் எல்லாக் கிருமியையும் ஒரே வேகத்தில் கொல்வதில்லை. 1 பிபிஎம் அளவில் ஆபத்தான ஈ.கோலை ஒரு நிமிடத்துக்குள் சாகும். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ்-ஏ வைரஸுக்குக் கால் மணி நேரம் வேண்டும். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணிக்கு முக்கால் மணி நேரம். வயிற்றுப்போக்கு தரும் கிரிப்டோஸ்போரிடியம் பத்து நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். அதனால் வயிற்றுப்போக்கு வந்த பிள்ளை குளத்தில் இறங்கவே கூடாது. யாராவது குளத்தில் வயிற்றுப்போக்கால் அசுத்தம் செய்துவிட்டால், எல்லோரையும் வெளியேற்றி, 20 பிபிஎம் அளவில் ஏறத்தாழ பதின்மூன்று மணி நேரம் குளோரின் நிற்க வேண்டும். வாளியால் அள்ளிவிட்டுப் பத்து நிமிடத்தில் மறுபடி விசில் ஊதுவது குற்றம்.

பொதிகைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் நடந்ததை இந்தப் பக்கத்தில் உள்ள நாம் கூர்ந்து படிக்க வேண்டும். 2024 மே முதல் ஜூலைக்குள் மலப்புரம், கண்ணூர், கோழிக்கோடு மாவட்டங்களைச் சேர்ந்த, குளங்களிலும் ஆற்றிலும் நீந்திய சிறார்கள் மூளை அமீபா தொற்றால் இறந்தார்கள். இத்தகைய தொற்றைத் தரும் அமீபாக்களில் முக்கியமான நெக்லேரியா ஃபௌலெரி வெதுவெதுப்பான நன்னீரில் வாழும். குடித்தால் ஒன்றும் செய்யாது, மூக்கு வழியாக ஏறினால் மூளையைத் தாக்கும். தொற்று மிக மிக அரிது, வந்துவிட்டால் பிழைப்பதும் அரிது. 2025 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில் ஒரு நீச்சல் குளத்தில் நீந்திய சிறுவனுக்குத் தொற்று வந்து அந்தக் குளம் மூடப்பட்டது. ஆறுதலான செய்தி ஒன்று உண்டு: இந்த அமீபா குளோரினுக்கு எளிதில் மடியும். கட்டற்ற குளோரின் 1 பிபிஎம் விடாமல் நிற்கும் குளத்தில் அதற்கு இடமில்லை. கண் எரிகிறது என்று குளோரினைக் குறைப்பவர்கள் எதைக் கைவிடுகிறார்கள் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

கலங்கிய நீர் இன்னொரு வகையில் கொல்லும். தரையில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளையைக் கரையில் நிற்கும் காவலர் பார்க்க முடியாது. ஆழமான பகுதியின் அடியில் உள்ள வடிகால் மூடி கரையிலிருந்து துல்லியமாகத் தெரியவில்லை என்றால் அன்று குளத்தைத் திறக்கக் கூடாது. கலங்கல் பெரிய இடங்களையும் விடாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் ஓரிரு நாளில் பாசிப்பச்சையானது. உள்ளே 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியிருந்தார்கள். அது குளோரினைச் செயலிழக்கச் செய்ய, பாசி பெருகியது. சோதனைக் கருவி குளோரின் இருப்பதாகவே காட்டிக்கொண்டிருந்தது.

மருந்து வைக்கும் அறையும் குளத்துப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். ப்ளீச்சிங் பவுடர் மேலோ ஹைப்போ மேலோ ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்முனையில் படைவீரர்களைக் கொன்ற அதே வாயு. டிசிசிஏ மாத்திரையையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒரே வாளியில் கலந்தால் தீப்பற்றி வெடிக்கக்கூடும். இவற்றைக் கையாள்பவர் பெரும்பாலும் குறைந்த கூலிக்கு வந்த, யாரும் எதையும் சொல்லிக்கொடுக்காத தொழிலாளி. கையுறையும் முகக்கவசமும் தனித்தனி அலமாரியும் அவருக்குக் கொடுக்காமல், நீரின் தரத்துக்கு அவரைப் பொறுப்பாக்குவது அநியாயம்.

நீந்தப் போகும் நமக்கும் பொறுப்பு உண்டு. ஆற்றங்கரைப் பழக்கத்தோடு குளத்துக்குப் போகிறோம். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு ஆற்றில் இறங்கலாம். குளத்தில் அந்த எண்ணெய் விளிம்பில் கறையாக ஒட்டி, ஃபில்டர் மணலை அடைத்து, குளோரினைத் தின்றுதீர்க்கும். நீந்திவிட்டுக் குளிப்பது நம் வழக்கம். நீந்துவதற்கு முன்பே குளிக்க வேண்டும். ஒரு நிமிடம் ஷவரில் நின்று நன்றாகத் தேய்த்துக் கழுவினால் உடம்பிலிருந்து குளத்துக்குப் போகும் அழுக்கில் பெரும்பகுதி போய்விடும் என்று நெதர்லாந்து ஆய்வு ஒன்று காட்டியிருக்கிறது. சிறு பிள்ளைகளை அரைமணிக்கு ஒருமுறை கழிவறைக்கு அழைத்துப்போவதும் தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் வேலைதான். அன்றாடம் போட்ட வீட்டுத் துணியோடு இறங்குவது, சேலை சுடிதாரோடு இறங்க நேர்வது, இவையும் நீரை அழுக்காக்கும் என்றாலும் இவற்றைப் பெண்களின் குற்றமாகச் சொல்லிவிட்டுப் போக முடியாது. உடல் மூடிய நீச்சல் உடை மலிவாகக் கிடைக்கவும், பெண்களுக்கென்று தனி நேரமும் பெண் பயிற்சியாளரும் இருக்கவும் குளம் நடத்துபவர்கள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

நீச்சல் குள நீரின் தரத்துக்கு ஐ.எஸ். 3328 என்ற இந்தியத் தரக் குறிப்பே இருக்கிறது. அதை யாரும் குளக்கரையில் ஒட்டிவைத்து நான் பார்த்ததில்லை. உணவகத்தில் விலைப்பட்டியல் மாட்டுகிறோம். ஒவ்வொரு பொதுக் குளத்தின் வாசலிலும் அன்றைய பிஎச், கட்டற்ற குளோரின், பிணைந்த குளோரின், சோதித்த நேரம் என்ற நான்கும் சாக்பீஸால் எழுதிய ஒரு பலகை இருக்க வேண்டும். காலையில் ஒருமுறை, கூட்டம் நிறைந்த நேரத்தில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை. பலகை இல்லாத இடத்தில் பிள்ளையைச் சேர்க்கும் முன் பெற்றோர் வாய்விட்டுக் கேட்கலாம். பதில் சொல்லத் தெரியாத குளத்துக்குக் கட்டணம் கட்ட வேண்டாம்.

ஆற்றையே நம்பலாமே என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் ஆற்றுக்குக் குளோரின் போட முடியாது. சாக்கடையை நிறுத்தத்தான் முடியும். தாமிரபரணியில் கழிவுநீர் கலப்பது பற்றிய வழக்கில் 2024 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதிகளே திருநெல்வேலிக்கு வந்து ஆற்றை நேரில் பார்க்க வேண்டியிருந்தது. பாபநாசத்திலிருந்து கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி வழியாகக் கீழே வரும் ஒவ்வொரு ஊரின் கழிவு வாய்க்காலும் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் திருப்பப்படும்வரை, நீர் குறைந்து தேங்கி வெதுவெதுப்பாகும் மாதங்களில் பிள்ளைகளை மடுக்களில் தலைகீழாகக் குதிக்கவிடக் கூடாது, மூக்கில் நீர் ஏறவிடக் கூடாது. கார் சாகுபடிக்கு அணை திறந்து ஆறு புதுநீரோடு ஓடத் தொடங்கியதும், குளத்தில் கற்ற நீச்சலோடு, நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் உடன் நிற்க, பிள்ளைகள் படித்துறையில் இறங்கட்டும்.